கேக்குக்கு அடியில் புயல் பலகை

கப்பலில் கல்யாணம் வைத்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. அழைக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள். வராமலிருக்கச் சாக்குச் சொல்ல முடியாது, பாதியில் கிளம்பவும் முடியாது. மாப்பிள்ளைக்கு மனம் மாறினாலும் எங்கே ஓடுவான், சுற்றிலும் தண்ணீர். இதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சொகுசுக் கப்பலின் சிப்பந்திகள் ஒரு வாரமாக ஆணியைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆணி அந்தக் கப்பலின் தச்சுவேலைக்காரி. இருபத்தொன்பது வயது, ஒல்லி, நெட்டை, அடித்த இடத்தில் நிற்கிற சுபாவம். பெற்றவர்கள் வைத்த பெயரை அடையாள அட்டை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனை மாவு என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் தளத்துச் சமையலறையில் கேக், ரொட்டி வகையறாவுக்கு அவன் தலைவன். எத்தனை முறை முகம் கழுவினாலும் புருவத்தில் மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். அவனுடைய அம்மாவும் அதே கப்பலில்தான், துணி அறைக்குப் பொறுப்பு. நாலாயிரம் துண்டுகளும் இரண்டாயிரம் படுக்கை விரிப்புகளும் அந்த அம்மாளின் கண்ணசைவுக்கு நடமாடின. ஆணி அவரை அத்தை என்று கூப்பிடப்போய், அது கப்பல் முழுக்கப் பரவி, கேப்டனே ஒருநாள் ஒலிபெருக்கியில் அத்தை என்று சொல்லிவிட்டு இருமிச் சமாளித்தார்.

கல்யாணம் அன்று மாலை நாலு மணிக்கு. அன்றைக்கு விட்டால் கிடையாது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கப்பல் துறைமுகத்தில் கட்டும். ஆபீஸிலிருந்து ஒருவர் பட்டியலோடு ஏறுவார். அடுத்த எட்டு மாதம் யாருக்கு எந்தக் கப்பல் என்று அதில் இருக்கும். கல்யாணமாகாதவர்களை அந்தப் பட்டியல் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டுவிடும். ஆனால் கணவன் மனைவி என்று கேப்டனின் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்துவிட்டால் போதும், இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான். இது கம்பெனிச் சட்டம். கேப்டனும் கப்பல் கடலில் இருக்கும்போதுதான் கல்யாணம் செய்துவைக்க முடியும். இரண்டு மாதத்துக்கு முன்பே இருவரும் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். அது ஆபீஸுக்குப் போய், அங்கே ஊறி, உலர்ந்து, கையெழுத்தாகித் திரும்பி வருவதற்குள் பயணத்தின் கடைசி நாள் வந்துவிட்டது.

சரி, பலகைக்கு வருவோம். ஏழாம் தளத்தின் முன்பக்கம் பெரிய சாப்பாட்டுக் கூடம். கடலைப் பார்த்தபடி ஒன்பது பெரிய ஜன்னல்கள். கடல் பொல்லாததாக மாறினால் அந்த ஒன்பதையும் உள்பக்கமாகப் பலகை வைத்து அடைப்பது ஆணியின் வேலை. நாலு விரல் கனமுள்ள ஒட்டுப்பலகைகள். ஜன்னல் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு போல்ட்டுகளில் பலகையை மாட்டி, கையால் நட்டைத் திருகி இறுக்க வேண்டும். கப்பலின் வளைவுக்கேற்ப ஒவ்வொரு ஜன்னலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் என்பதால் ஒன்றின் பலகை இன்னொன்றில் உட்காராது. அதனால் பலகைகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டிருந்தது. ஒன்பதும் கூடத்துக்குப் பின்னாலிருந்த அலமாரியில் வரிசையாக நிற்கும். நிற்க வேண்டும்.

ஆறு நாளைக்கு முன்னால் மாவு அந்த அலமாரிப் பக்கம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அஞ்சு அடுக்கு கேக் போடறேன். நம்ம தட்டு எதுவும் அந்த கனத்துக்கு தாங்கல, நடுவுல தொங்குது. கேக்கும் கூட சேந்து வெடிக்குது. உன்கிட்ட நல்ல பலகை ஏதாவது இருக்கா?"

இன்னொருவன் கேட்டிருந்தால் ஆணி அவனைத் திருப்புளியோடு துரத்தியிருப்பாள். மாவு கேட்டான். வானிலை அறிக்கையோ, துறைமுகம் போய்ச் சேரும் வரைக்கும் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தது. அவள் நாலாம் எண்ணை உருவிக் கொடுத்தாள். கல்யாணம் முடிந்ததும் துடைத்து வைத்துவிடலாம், ஒரு வாரத்தில் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நினைத்தாள்.

கல்யாணத்தன்று காலை ஒன்பதரைக்கு வானிலை அறிக்கை தன் பேச்சை மாற்றிக்கொண்டது. காற்று திரும்பிவிட்டது, கடல் எகிறுகிறது, முன்பக்கக் கூடத்தைக் காலி செய்துவிட்டுப் பலகை போடச் சொல்லுங்கள் என்று கேப்டனின் உத்தரவு வந்தது. பயணிகள் காபிக் கோப்பையும் கையுமாக முனகிக்கொண்டே வெளியேறினார்கள். ஆணியும் இரண்டு பணியாட்களும் விறுவிறுவென்று வேலையில் இறங்கி எட்டு ஜன்னல்களை அடைத்தார்கள்.

"நாலாவது எங்க?" என்றான் ஒருவன்.

"அத நான் பாத்துக்கறேன். நீங்க கதவ சாத்திட்டு போங்க."

லிப்ட்டுகளை நிறுத்தியிருந்தார்கள். நாலு மாடிப் படிகளைக் கண் மண் தெரியாமல் இறங்கிச் சமையலறைக்குள் பாய்ந்தாள்.

கேக் நின்றது. ஐந்து அடுக்கு, வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் இலை இலையாகக் கிரீம் வேலைப்பாடு. பார்த்ததும் வந்த காரியம் ஒரு நொடி மறந்துபோய், இது எனக்காகச் செய்தது என்று நினைத்துக்கொண்டாள். உடனே அடியிலிருந்த பலகை கண்ணில் பட்டது. மேஜையோடு நாலு பக்கமும் கயிறு போட்டு அதை இறுகக் கட்டியிருந்தான்.

"மாவு, பலகை வேணும். இப்பவே."

"இப்பவேன்னா? நாலு மணிக்கு கல்யாணம்."

"மேல நாலாம் ஜன்னல் பலகை இல்லாம கெடக்கு."

"ரெண்டு நிமிஷம் குடு, அடியில கத்திய விட்டு மெதுவா..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் கீழே போனது. அலையில் ஏறி இறங்குவது சிப்பந்திகளுக்குப் பழக்கம்தான். இது வேறு மாதிரி. தரை காலை விட்டுக் கழன்று போய்க்கொண்டே இருந்தது. மற்ற அலைகளெல்லாம் ஒரு திசையிலிருந்து வர, இது மட்டும் குறுக்கே கிளம்பி, மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில், தனக்கு முன்னால் ஒரு பெரிய பள்ளத்தைத் தோண்டிக்கொண்டு வந்த ராட்சத அலை என்று பிற்பாடு கேப்டன் எழுதினார். கப்பல் அந்தப் பள்ளத்தில் மூக்கை நுழைத்தபோது அலை அதன் தலைமேல் விழுந்தது. மேலே எங்கோ பெரிதாக ஒரு வெடிச் சத்தம் கேட்டது. சமையலறையில் இருந்த தட்டுகள் அனைத்தும் ஒரே சமயத்தில் உடைந்தன. விளக்குகள் அணைந்து, யோசித்து, மறுபடி எரிந்தன.

ஆணி ஒரு தூணைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாவு கேக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். உச்சி அடுக்கு அவன் தலையில் தொப்பியாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவது அடுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. மிச்ச மூன்றும் அசையவில்லை.

"அடி ஏதும் பட்டுச்சா?" என்றாள்.

"எனக்கா, கேக்குக்கா?"

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஏழாம் தளத்தில் ஜன்னல் போய்விட்டது, கூடத்தில் தண்ணீர், தச்சர் உடனே வரவும்.

எந்த ஜன்னல் என்று ஆணி யாரையும் கேட்கவில்லை. கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்தாள். கேக்கைத் தரையில் தள்ளிவிடக் கையை ஓங்கியவளை, அந்நேரம் பார்த்துத் துண்டு மூட்டையோடு உள்ளே வந்த அத்தை தடுத்தார்.

"நிறுத்துடி. என் புள்ள ஆறு நாளு முதுகு ஒடிய செஞ்சத கண்ணாடித் தூள்ல கொட்டுவியா? கேக்கோட தூக்குங்க. நான் முன்னாடி போறேன்."

வாதாட நேரமில்லை. ஆணியும் மாவும் இரண்டு சமையல்காரர்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் பலகையைத் தூக்கினார்கள். மூன்றடுக்குக் கேக் பல்லக்கில் போவதுபோல் படியேறியது. லிப்ட் இல்லாததால் பயணிகள் மிதவைச் சட்டைகளோடு படிக்கட்டின் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். முகமெல்லாம் வெளிறி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே அத்தை வழியை விலக்கிக்கொண்டு போனார்.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. கையாலதான் எடுக்கணும், ஸ்பூன் எல்லாம் கெடையாது. கல்யாண கேக்கு. ஐயா, சும்மா பாக்காதீங்க, பலகை காலியாகணும்."

முதல் திருப்பத்தில் ஒருவரும் கையை நீட்டவில்லை. இவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். அடுத்த திருப்பத்தில் ஒரு கண்ணாடி போட்ட பெரியவர் தயங்கித் தயங்கி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்து, "நல்லா இருக்கு, சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். நூறு கைகள் நீண்டன. ஒருவர் பின்னாலிருந்தவருக்கு எடுத்துக் கொடுத்தார், அவர் அவருக்குப் பின்னாலிருந்தவருக்கு. கப்பல் சாயும்போதெல்லாம் பலகை சாய்ந்தது, கூடவே கைகளும் சாய்ந்து வந்தன. யாரோ சிரித்தார்கள். படிக்கட்டு முழுக்க அது தொற்றிக்கொண்டது. மிதவைச் சட்டைகளில் கிரீம் அப்பிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சாகப்போகிறோம் என்று நினைத்த ஜனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு என்று ஒரு அம்மா கேட்டார். தலையில கேக் வச்சிருக்கறது மாப்பிள்ளை, மொறைச்சுக்கிட்டு வர்றது பொண்ணு என்றார் அத்தை.

ஏழாம் தளத்துக்கு வந்தபோது பலகை காலி. ஒரு மூலையில் சர்க்கரை இலை ஒன்று ஒட்டியிருந்தது. அதை மாவு எடுத்து ஆணியின் வாயில் வைத்தான். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்ததால் அவளால் தட்ட முடியவில்லை.

கூடத்தின் கதவைத் திறந்ததும் சிரிப்பு போய்விட்டது. நாலாம் ஜன்னல் இருந்த இடத்தில் வானமும் கடலும் மாறி மாறித் தெரிந்தன. கண்ணாடி முழுதும் போயிருந்தது. நாற்காலிகள் எல்லாம் பின்சுவரோரம் ஒரு குவியலாகக் கிடந்தன. பியானோ மல்லாந்து கால்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகடுகள் கம்பியில் தொங்கின. முழங்கால் அளவுத் தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்ப் போய் வந்தது. மாலையில் மணமேடையாக இருக்க வேண்டிய இடத்தில் தரைவிரிப்பு சுருட்டிக்கொண்டு மிதந்தது.

நாலு பேரும் பலகையைத் தூக்கி நிறுத்தினார்கள். முதல் முறை காற்று அவர்களோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. இரண்டாம் முறை ஐந்து போல்ட் உட்கார்ந்தது, ஆறாவது வளைந்திருந்தது. மூன்று பேர் முதுகைக் கொடுத்துப் பலகையைத் தாங்க, ஆணி சுத்தியலால் அதை நிமிர்த்தி நட்டைப் போட்டு இறுக்கினாள். வெளியே அலை வந்து மோதியது. பலகை அதிர்ந்தது, ஆனால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மூன்றாவது ஐந்தாவது ஜன்னல்களிலும் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, அங்கேயும் பலகை நின்றது. ஈரமும் கிரீமுமாக நாலு பேரும் தண்ணீரில் உட்கார்ந்தார்கள்.

சுவரில் தொலைபேசி அடித்தது. கேப்டன்.

"எந்த ஜன்னல்?"

"நாலு, கேப்டன்."

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு கேப்டன்."

"நல்லது. யாருக்காவது அடியா?"

"இல்ல. கூடத்துல ஆள் யாரும் இல்ல."

போன் வைக்கப்பட்டது. இரண்டு நிமிடத்தில் ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கேட்டது. முன்பக்க ஜன்னல்களை அடைத்திருந்த பலகைகளில் ஒன்று அலைக்குத் தாங்கவில்லை, மற்றவற்றையும் நம்புவதற்கில்லை, ஆகவே முன்பக்க அறைகளில் இருக்கும் நானூறு பேரும் உடனே வெளியேறி நடுப்பகுதி நடைபாதைகளுக்குப் போக வேண்டும்.

ஆணிக்கு அப்போதுதான் உறைத்தது. பலகை போட்டிருந்தும் அலை உடைத்துவிட்டது என்று கேப்டன் நினைத்துக்கொண்டிருக்கிறார். பலகையே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

"சொல்லணும்" என்றாள்.

மாவு அவள் கையைப் பிடித்தான். "சொல்லலாம். நாலு மணிக்கு அப்புறம். குறிப்பேட்டுல நம்ம பேரு விழட்டும், நானே வந்து என்னாலதான்னு சொல்றேன். இப்ப சொன்னா கேப்டனம்மா கல்யாணம் பண்ணி வைப்பாங்களா? யோசிச்சு பாரு. எட்டு மாசம்."

யோசித்துப் பார்த்தாள். எட்டு மாதம் என்றால் என்ன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், போன வருஷம் ஒருமுறை அப்படிப் பிரிந்துதான் இருந்தார்கள். அவன் விழிக்கும்போது அவள் தூங்குவாள், பாதி நாள் போன் கிடைக்காது, கிடைத்தால் குரல் உடையும். இன்னொரு முறை அதைத் தாங்குகிற தெம்பு தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது கதவுக்கு வெளியே, முன்பக்க அறைகளிலிருந்து ஜனங்கள் போர்வையும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். சக்கர நாற்காலியோடு ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆடுகிற கப்பலில், சுவரில் இடித்து இடித்து. அவருடைய கட்டில் சுவரோடு பிணைத்தது, அவர் அதில் பத்திரமாகப் படுத்திருக்கலாம்.

ஆணி போனை எடுத்தாள்.

"கேப்டன், பலகை ஒடையல. அங்க பலகையே இல்ல. மத்த எட்டும் நல்லா நிக்குது. நாலாம் நம்பர் பலகை கேக்குக்கு அடியில இருந்துச்சு. நான்தான் குடுத்தேன்."



"நீங்க கொஞ்சம் மேல வாங்க" என்றார் கேப்டன்.

அந்தக் கப்பலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. கேப்டன் ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, சாதாரணமாக எல்லாரையும் நீ, வா, போ என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். மேல வாங்க என்று கேட்டதும் மாவுக்கே முகம் தொங்கிப் போயிற்று.

கப்பலை ஓட்டும் சுக்கான் அறை பத்தாம் தளத்தில். ஆணி வாசலில் நின்றாள். சுக்கான் பிடிப்பவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் காது மட்டும் பின்னால் திரும்பியிருந்தது.

"பலகைக்கு நம்பர் எதுக்குங்க போட்டிருக்கு?" என்றார் கேப்டன், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்தந்த ஜன்னலுக்குன்னு, கேப்டன்."

"கேக்குக்கு நம்பர் உண்டுங்களா?"

"இல்ல கேப்டன்."

"கூடத்த காலி பண்ண சொல்லாம விட்டிருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்னு தெரியுங்களா?"

தெரியும் என்று ஆணி தலையை ஆட்டினாள். பத்து நிமிடம் கேப்டன் அவளை வெளுத்து வாங்கினார், அத்தனை வாக்கியத்திலும் ஒரு 'ங்க' இருந்தது. குறிப்பேட்டில் இது ஏறும், தச்சரின் தவறு என்றே ஏறும் என்றார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்து, பலகைகள் உறுதியாக இருக்கின்றன, முன்பக்க அறைக்காரர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார். வைத்துவிட்டுக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வந்து சொல்லியிருக்கலாமே?"

"அப்பறம் சொன்னா உங்கள ஏமாத்தி கையெழுத்து வாங்கினதா ஆயிடும். அந்த நானூறு பேரும் சும்மா அலைஞ்சிருப்பாங்க."

"இந்தக் கடல்ல நான் இந்த எடத்த விட்டு நகர முடியாது. இங்க வேலை இல்லாத யாரையும் உள்ள விடறதும் இல்ல. அது என் சட்டம். போங்க" என்றார் கேப்டன்.

ஆணி இறங்கி வந்தாள். துணி அறையில் மாவும் அத்தையும் காத்திருந்தார்கள். அவள் சொல்லி முடித்ததும் மாவு மடித்த துண்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டான். "நான் கேட்டிருக்கவே கூடாது, எஃகுத் தட்டுலயே செஞ்சிருக்கணும்" என்றான். "நான் குடுத்திருக்கக் கூடாது" என்றாள் அவள். அத்தை இருவரையும் பார்த்துவிட்டு, ஈரத்துண்டுகளைப் பிழிய ஆரம்பித்தார். பிழிந்த வேகத்தில் துண்டு கிழிந்தது. ஆணி அழுதாள். ஒளிவு மறைவில்லாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். சொன்னது தப்பு என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றே முக்கால் மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"தச்சர் சுக்கான் அறைக்கு வரவும். கதவுக் கீல் தளர்ந்திருக்கிறது."

ஆணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி.

"சமையலறை கவனிக்கவும். சுக்கான் அறைக்கு நாலு காபி. கேக் பிரிவுத் தலைவனே கொண்டுவரட்டும்."

மாவு நிமிர்ந்தான். "நான் என்னைக்கு காபி போட்டிருக்கேன்?"

"துணி அறை கவனிக்கவும். சுக்கான் அறைக்கு ஆறு காய்ந்த துண்டு. அத்தையே வரட்டும்."

முதலில் புரிந்துகொண்டது அத்தைதான். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, மகனின் முகத்தைப் பிடித்துப் புருவத்தை அழுந்தத் துடைத்தார். "காபிய எடுத்துட்டு ஓடுடா. ஊத்தாம ஓடு."

சுக்கான் அறைக் கதவுக் கீல் உண்மையிலேயே தளர்ந்திருந்தது. ஆணி மண்டியிட்டுத் திருப்புளியைப் போட்டாள். மாவு காபித் தட்டோடு நின்றான், பாதி காபி தட்டில் இருந்தது. அத்தை ஆறு துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவற்றில் ஒன்றில் அப்போதே முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டிவந்தது.

"எல்லாரும் வேலையா வந்திருக்கீங்க, இல்லையா?" என்றார் கேப்டன் முன்னால் பார்த்தபடி. அலைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

"ஆமா கேப்டன்."

"அப்ப வேலைய பாருங்க. நான் கேக்கறதுக்கு பதில் மட்டும் சொல்லணும். ஆணி, இவன கட்டிக்க சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் ஆணி. வாயில் இரண்டு திருகாணி இருந்ததால் அது சரியாகக் கேட்கவில்லை.

"வாயில இருக்கறத எடுத்துட்டு சொல்லு."

நீ என்று சொல்லிவிட்டார். ஆணி திருகாணிகளைத் துப்பிவிட்டுக் கப்பலுக்கே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள். மாவிடம் கேட்டபோது, அவன் கேள்வி முடிவதற்கு முன்பே மூன்று முறை சம்மதம் சொல்லிவிட்டான். ஒருமுறை போதும் என்றார் சுக்கான் பிடிப்பவர், அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். சாட்சிக் கையெழுத்து அவரும் அத்தையும் போட்டார்கள். சுக்கானைப் பிடித்தபடியே அவர் இடது கையால் போட்டது ஒரு மண்புழு மாதிரி இருந்தது.

குறிப்பேட்டை ஆணி எட்டிப் பார்த்தாள். காலை பத்து ஐம்பத்திரண்டு, ராட்சத அலை, நாலாம் ஜன்னலில் பலகை இல்லை, தச்சரின் தவறு. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, மாலை மூன்று ஐம்பத்தெட்டு, திருமணம்.

"இப்ப கதவ சாத்தி பாரு" என்றார் கேப்டன். சாத்தினாள். சத்தமில்லாமல் சாத்தியது.

மறுநாள் காலை பட்டியல்காரர் ஏறினார். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை, கையில் கணக்கில்லாத காகிதம், இரண்டு இரவு தூங்காத முகம். கப்பல் ஐந்து மாதம் பழுதுபார்க்கும் தளத்தில் நிற்கும், பயணிகள் இல்லை, தச்சர் கப்பலோடு இருக்க வேண்டும் என்றார். அத்தைக்கு வேறு கப்பல், மாவுக்கு இன்னொரு கப்பல், மத்தியானமே கிளம்ப வேண்டும்.

மாவு குறிப்பேட்டின் நகலை நீட்டினான். அவர் படித்தார், மேலே இருந்த வரியையும் படித்தார், ஆணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டப்படி ரெண்டு பேருக்கும் ஒரே எடம். ஆனா தம்பி, தளத்துல சமையலறை பூட்டிடுவாங்க. அடுப்பு கெடையாது. அங்க காலியா இருக்கறது ஒரே வேலைதான், தச்சர் உதவியாள். நீங்க அத்தன பெரிய பிரிவுக்குத் தலைவர். வேணும்னா அந்தக் கப்பலுக்கே..."

"எங்க கையெழுத்து போடணும்?" என்றான் மாவு.

அத்தை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். பாதியில் நின்று, "அவனுக்கு ஒரு ஆணி அடிக்க தெரியாது, கை பத்திரம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

பழுதுபார்க்கும் தளத்தில் முதல் நாள் வேலை காலை ஏழு மணிக்கு. மாவு ஆறே முக்காலுக்கே வந்து நின்றான். புதுச் சட்டை, இடுப்பில் அளவு நாடா, காதில் பென்சில். வெயில் ஜன்னல் ஓட்டைகள் வழியாகக் கூடத்துக்குள் நேராக விழுந்தது. ஒரு சட்டத்துக்கு மரம் அறுக்க வேண்டும், நீ அளந்து அறு என்று ஆணி சொன்னாள். அவன் இரண்டு தரம் அளந்தான், நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு போட்டான், ஆசை ஆசையாக அறுத்தான். கொண்டுபோய் வைத்தால் இரண்டு விரல்கடை குறைந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தலைமைத் தச்சர் என்ற முறையில் அவள் இப்போது திட்ட வேண்டும். திட்டலாம் என்றுதான் நினைத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. இன்னொரு மரம் எடுத்துட்டு வா என்றாள். மரம் நிறைய இருந்தது. ஐந்து மாதம் முழுசாக இருந்தது.